ஐந்தாவது இஃபுக்குள் ஒரு பெயர்

அந்தப் புரோகிராமை எழுதியது நான்தான். மொத்தம் அறுபத்து மூன்று வரி, கியூபேசிக் என்கிற கம்ப்யூட்டர் மொழியில். ஊரில் யாரைக் கேட்டாலும் பலராமன் சார்தான் எழுதினார் என்பார்கள். அதற்காக அவருக்குக் கேடயம்கூடக் கொடுத்தார்கள். கேடயத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஒன்றும் வயிற்றெரிச்சல் இல்லை. வரிகள் மட்டும் என்னுடையவை, அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

தொண்ணூற்றொன்பதாம் வருடம். திருவண்ணாமலையில் அப்போது கம்ப்யூட்டர் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டிய இடம். பலராமன் சாரின் கல்வியகம் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்தது. ஆறு மானிட்டர், ஆறுக்கும் பூப்போட்ட உறை, உறையைத் தூக்கினால் நெற்றியில் குங்குமம். பி.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த நான் மூன்று மாதக் கோர்ஸில் சேர்ந்திருந்தேன். கோர்ஸ் முடிந்ததும் அங்கேயே மாதம் எண்ணூறு ரூபாய்க்கு இன்ஸ்ட்ரக்டர் வேலை தருவதாகச் சார் சொல்லியிருந்தார்.

ஏழாவது பாடம் இஃபுக்குள் இஃப். ஒரு கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால்தான் அடுத்த கேள்வி திறக்கும். அதற்கும் ஆமாம் என்றால் அதற்குள் இன்னொன்று திறக்கும். இல்லை என்று பதில் வந்தால் என்ன செய்வது என்று எழுத எல்ஸ் என ஒன்று இருக்கிறது. அது எட்டாவது பாடம். எட்டாவது பாடம் நடத்துவதற்குள் தீபத் திருவிழா வந்துவிட்டது.

தீபத்துக்கு வருகிற கூட்டத்தில் ஆள் தொலைவது வருடா வருடம் நடப்பதுதான். செங்கம் ரோடு ஆரம்பத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, தசரதன் என்கிற மைக் செட்காரரை உட்கார வைத்துவிடுவார்கள். தொலைத்தவர் வந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்து ஒரு பெயரைச் சொல்வார். அவர் அதை அப்படியே மைக்கில் சொல்வார். தொலைந்தவர் வந்து சேருவார். இருபது வருடமாக இவ்வளவுதான் நடைமுறை. பார்க்கவே கேவலமாக இருக்கிறது என்று பலராமன் சாருக்குத் தோன்றியது. ‘பக்தர் நலக் கணினிக் குழு’ என்று ஒன்றை ஆரம்பித்து, அதற்குத் தானே செயலாளர் ஆனார்.

குழுவின் முதல் கூட்டம் கல்வியகத்தில் நடந்தது. ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர் சுப்பிரமணி, ஒரு நகைக்கடைக்காரர், ஒரு வக்கீல், பலராமன் சார் ஆகிய நால்வரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். தசரதனும் நானும் சுவரோரம் நின்றோம்.

சுப்பிரமணி எடுத்த எடுப்பிலேயே கொதித்தார். "போன வருஷம் மட்டும் நானூத்திப் பத்துப் பேரு காணாமப் போயிருக்காங்க. நானூத்திப் பத்தும் விசாரணை இல்லாம! யாரு, இன்னா உறவு, ஆதாரம் கீதா, ஒண்ணும் கேக்காம இந்த ஆளு பாட்டுக்கு மைக்ல கத்திக்கினு இருந்திருக்காரு."

"எல்லாரும் கெடச்சிட்டாங்களே சார்" என்றார் தசரதன்.

"கெடைக்கிறது பெரிசில்லய்யா. முறையா கெடைக்கணும்."

இப்படித்தான் ஆளுக்கொரு கேள்வி சேர்ந்தது. முதல் கேள்வி பலராமன் சாருடையது. காணாமல் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். "பத்து நிமிஷம் கண்ணுல படலன்னா அது காணாமப் போறதா? எங்க வீட்ல நான் தினமும் மூணு மணி நேரம் இருக்கிறதில்ல. எவளாவது தேடுறாளா?" என்றார். இரண்டாவது, உறவுக்கு ஆதாரம். அது சுப்பிரமணி. மூன்றாவது கேள்வியை நகைக்கடைக்காரர் கொடுத்தார். எந்த இடத்தில் தொலைத்தோம் என்று தேடுகிறவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் அங்கேயே போய்த் தேட வேண்டியதுதானே, கடையில் மூக்குத்தி விழுந்தால் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம் என்றார். நான்காவது வக்கீலுடையது. காணாமல் போனவர் தானாக விலகிப் போகவில்லை என்பதற்கு அவருடைய ஒப்புதல் வேண்டும். "நாளைக்கு அந்தப் பொண்ணு வந்து, நான் புருஷன விட்டுப் போனேன், என்னை ஏன் ஊரறிய ஏலம் போட்டீங்கன்னு கேஸ் போட்டா யாரு பதில் சொல்றது?"

"காணாமப் போனவங்க கிட்ட எப்டி சார் ஒப்புதல் வாங்குறது?" என்று கேட்டேன்.

"அது அவங்க பொறுப்பு" என்றார் வக்கீல்.

ஐந்தாவதுக்கு யாரும் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டியதில்லை, கம்ப்யூட்டரே தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும். மணி நாலைத் தாண்டியிருக்கக்கூடாது. நாலுக்கு மேல் மைக் பக்திப் பாட்டுக்கும் பெரிய மனிதர்களுக்கும்.

இந்த ஐந்தையும் ஒன்றுக்குள் ஒன்றாக எழுதினேன். பெயரைக் கேட்கிற வரியை எங்கே வைப்பது என்று ஒரு சந்தேகம் வந்தது. தகுதி இல்லாதவனிடம் பெயரைக் கேட்டு என்ன செய்வது என்றார் சுப்பிரமணி. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஐந்தாவது இஃபுக்குள் கொண்டுபோய் வைத்தேன்.

"சார், இல்லைன்னு பதில் சொல்றவங்களுக்கு இன்னா போடட்டும்?"

"இல்லைங்கிறவனுக்கு நம்ம எதுக்கும்மா பதில் சொல்லணும்? மரியாதைக்கு ஒரு தேங்க்யூ போட்டு அனுப்பு."

போட்டேன். இஃபை மூடுகிற எல்லா எண்ட் இஃபும் முடிந்த பிறகு, கடைசி வரியில்: தேங்க்யூ, நெக்ஸ்ட். கூட்டம் முடிவதற்கு முன் தசரதனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பிரிண்டரில் வந்த தாள் இல்லாமல் மைக்கைத் தொடக்கூடாது.

தீபத்தன்று காலை ஆறு மணிக்கே கொட்டகையில் கம்ப்யூட்டர் உட்கார்ந்துவிட்டது. மானிட்டருக்கு மாலை போட்டிருந்தார்கள். கூட்டம் நெட்டித் தள்ளியது. முகத்தைப் பார்த்துப் பேசினால் வேலை தாமதமாகும், திரையை மட்டும் பார் என்று சார் சொல்லியிருந்தார். திரையை மட்டும் பார்த்தேன். பதினோரு மணிக்குள் இருநூறு பேருக்கு மேல் தேங்க்யூ சொல்லியிருப்பேன். நான்கு பேருக்குத் தாள் வந்தது. தசரதன் அந்த நான்கையும் படித்துவிட்டு, மைக்கை மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்று அழுகிறவர்களைப் பார்த்தபடி இருந்தார்.

பதினொன்றரைக்கு ஒரு பெண் குரல் கேட்டது. "ஊட்டுக்காரர உட்டுட்டேம்மா. தேரடிகிட்ட கைய உட்டாரு, திரும்பிப் பாக்குறதுக்குள்ள ஆளக் காணோம்."

"ஒரு மணி நேரம் ஆச்சாம்மா?"

"அரை மணி இருக்கும்."

இல்லை என்பதற்கான ‘என்’ பட்டனை அடித்தேன். தேங்க்யூ.

"மைக்ல சொல்லுவீங்களா? ரெண்டு தடவ சொல்லும்மா. ஒரு தடவ சொன்னா அந்தாளு காதுல ஏறாது."

"ஒரு மணி நேரம் கழிச்சி வாங்கம்மா. நெக்ஸ்ட்."

"அதுவரைக்கும் இங்கயே குந்திக்கவா?"

குந்தக்கூடாது, நகரு நகரு என்று தொண்டர்கள் விரட்டினார்கள். பச்சைப் புடவையின் ஓரமும் ஒரு வயர் கூடையும் என் கண்ணின் ஓரத்தில் நகர்ந்து போயின. கூட்டம் மலை சுற்றும் பாதையில் போய்க்கொண்டிருந்தது. அவளும் அதோடு போயிருப்பாள். பெயர் என்னவென்று நான் கேட்கவில்லை. அது ஐந்தாவது இஃபுக்குள் இருந்தது.

இருபது நிமிடம் கழித்து ஓர் ஆள் வந்தார். கீழ்பென்னாத்தூர் பக்கம், வேர்க்கடலை போடுகிறவர், சடையன் என்று அவரே சொன்னார். நான் கேட்காமலேயே சொன்னார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நெஞ்சை ஒரு கையால் பொத்திப் பிடித்திருந்தார். மாரடைப்போ என்று பயந்து அன்றைக்கு முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தேன். அவர் பொத்தியிருந்தது சட்டைப் பையை.

"எங்க ஊட்டுக்காரிக்கு வலிப்பு கீதும்மா. மத்தியானம் ஒரு மணிக்கு மாத்திரை. மாத்திரை எங்கிட்ட மாட்டிக்கினு கீது. உடாம போட்டா ஒண்ணும் இல்ல, ஒரு வேளை தவறிச்சின்னா சாயங்காலத்துக்குள்ள வந்துடும்."

"ஒரு மணி நேரம் ஆச்சாங்க?"

அவர் பக்கத்தில் நின்றவரின் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிஷம் கம்மி" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். தேங்க்யூ.

மறுபடி வரிசையில் நின்று ஒரு மணிக்கு வந்தார். முதல் கேள்வி தாண்டியது. இரண்டாவது, ஆதாரம். ரேஷன் கார்டு இருக்கிறதா என்று சுப்பிரமணி கேட்டார். தீபத்துக்கு ரேஷன் கார்டை எவன் எடுத்துக்கொண்டு வருவான்? சடையன் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். முன்னங்கையில் ஜோதி என்று பச்சை குத்தியிருந்தது. கல்யாணமான வருடம் இதே தீபத்தில் குத்தியதாம். சுப்பிரமணி கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்ஷியல் இல்ல. தேதி இல்ல. யாரு அத்தாட்சி?" என்றார். அவர் தலையைத் திருப்பிய நேரம் பார்த்து நான் ஆமாம் என்பதற்கான ‘ஒய்’ பட்டனை அடித்துவிட்டேன். அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

"எந்த இடத்துல தொலைச்சீங்கன்னு தெரியுமா?"

"நல்லாத் தெரியும்மா. தேரடிகிட்ட."

அப்படியானால் தேரடிக்குப் போய்த் தேடும் என்று சுப்பிரமணி கையை நீட்டினார். போனார் அவர். அந்தக் கூட்டத்தில் போக ஒரு மணி நேரம், வர முக்கால் மணி நேரம். திரும்பி வந்தபோது ஒரு காலில் செருப்பு இல்லை. கை மட்டும் அதே சட்டைப் பையின் மேல் இருந்தது.

"தேரடில இல்லம்மா. இப்ப எங்கன்னு தெரியாதுன்னே எழுதிக்க."

நான்காவது கேள்வி திறந்தது. அதை நான் வாய்விட்டுப் படிக்க வேண்டும். வக்கீல் பக்கத்திலேயே நின்றார். "அந்தம்மா கோவிச்சிக்கினு போகலன்னு அவங்க ஒப்புதல் இருக்குதாங்க?" என்று படித்தேன்.

"எங்களுக்குள்ள சண்டையே இல்லம்மா" என்றார் சடையன். "அவ இருந்தா கேட்டுச் சொல்லலாம். அவளத்தானே தேடுறேன்."

"அப்போ இல்லைன்னு போடும்மா" என்றார் வக்கீல்.

அந்தச் சமயம் பார்த்து வெளியே பட்டாசு வெடித்தது. சென்னையிலிருந்து பெரிய மனிதர் ஒருவர் கொட்டகையைப் பார்வையிட வந்துவிட்டார். வரிசையைக் கயிறு கட்டித் தள்ளி நிறுத்தினார்கள். செயல்விளக்கம். பலராமன் சாரின் மச்சான் காணாமல் போனவராக நடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. மச்சான் கொட்டகைக்கு வெளியே இருந்த இளநீர்க்கடையில் போய்க் காணாமல் போனார். நான் ஐந்து ஒய் அடித்தேன். பிரிண்டர் கரகரவென்று தாளைத் தள்ளியது. தசரதன் அதைப் படித்தார். மச்சான் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். நாற்பது வினாடி. எல்லாரும் கைதட்டினார்கள்.

பலராமன் சார் மைக்கைப் பிடித்தார். "முன்னெல்லாம் இங்க பேரச் சொன்னா ஆளு கெடச்சிடும். எந்த ஒழுங்கும் கெடையாது. இன்னிக்கு அப்டி இல்ல. ஒருத்தர் காணாமப் போகணும்னாலே அஞ்சு படி தாண்டணும். இந்தச் சாதனையால காணாமப் போறவங்க எண்ணிக்கை நானூத்திப் பத்துலேர்ந்து ஒத்த எலக்கத்துக்கு எறங்கிடுச்சி!" பெரிய மனிதரும் பேசினார். வக்கீலும் பேசினார். பொன்னாடைகள் போர்த்தினார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் சடையன் எக்கி எக்கி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

கயிறு அவிழ்ந்ததும் முதல் ஆளாக ஓடி வந்தார். நான் எதையும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம்? ஒய். ஆதாரம்? ஒய். இடம் தெரியாதா? ஒய். ஒப்புதல்? ஒய். யார் பின்னால் நிற்கிறார்கள் என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்தது பெயர்தான், விரல் எழுத்துமேல் இருந்தது. திரை ஒரு கணம் கறுத்தது. தேங்க்யூ, நெக்ஸ்ட்.

மணி நாலு ஏழு. ஐந்தாவது இஃபில் என்னிடம் கேட்காமல் கம்ப்யூட்டரே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டது. அப்படித்தானே எழுதி வைத்திருந்தேன், பாவி.

"பேரு கேக்கலியேம்மா?" என்றார் சடையன்.

தசரதன் என்னைப் பார்த்தார். "தாள் குடும்மா, படிச்சிடறேன். எதுல வேணா எழுதிக் குடு." என் முன்னால் பேனா இருந்தது. பேப்பர் இருந்தது. பலராமன் சாரும் நின்றிருந்தார். எண்ணூறு ரூபாய், வீட்டில் இரண்டு தங்கைகள், எல்லாம் அந்த ஒரு நொடியில் வந்து நின்றது. நான் பேனாவை எடுக்கவில்லை. மைக் ஒயரைப் பிடுங்கி மேடைக்குக் கொண்டுபோனார்கள், பாட்டு ஆரம்பித்தது. சடையன் மலை சுற்றும் பாதையில் ஒற்றைச் செருப்போடு ஓடினார்.

அவளை ஆறு மணிக்குத் தூக்கி வந்தார்கள். அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் பாதையோரப் பள்ளம், முந்தின நாள் மழைத் தண்ணீர் ஒரு ஜாண் ஆழம்கூட இல்லை. வலிப்பு வந்து குப்புற விழுந்திருக்கிறாள். தூக்கி வந்தவர்களுக்கு எங்கே கொண்டுபோவது என்று தெரியவில்லை. கண்டெடுத்தவர்களைக் கொட்டகையில் ஒப்படைக்கச் சொன்னதால் கொட்டகைக்கே கொண்டுவந்தார்கள். பச்சைப் புடவை. வயர் கூடை. பின்னாலேயே சடையன் வந்தார். அப்போது மலைமேல் தீபம் ஏறியது. லட்சம் பேர் அரோகரா என்று கையைத் தூக்கினார்கள். சடையன் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றை உடைத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கொடுக்கலாமா என்பதுபோல என்னைப் பார்த்தார்.

என்னால் அதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "காலைல இவங்க வந்தாங்கய்யா. உங்களுக்கு முன்னாலயே. உங்களத் தேடிக்கினு வந்தாங்க."

"இங்கயா? இதே எடத்துக்கா?"

"இதே எடந்தான்."

"இன்னா சொன்னா?"

"மைக்ல ரெண்டு தடவ சொல்லச் சொன்னாங்க. ஒரு தடவ சொன்னா உங்களுக்கு ஏறாதுன்னாங்க."

அவர் தலையை ஆட்டினார். "ஆமா. ஏறாது" என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அந்த அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது, அதை மறைப்பானேன்.

அடுத்த வாரம் குழு கூடியது. பதிவானவர்கள் எட்டுப் பேர், மச்சானையும் சேர்த்து. கிடைத்தவர்கள் எட்டுப் பேர். நூற்றுக்கு நூறு. கீழ்பென்னாத்தூர் அம்மாவைப் பற்றித் தசரதன் கேட்டார். சுப்பிரமணி தாளைப் புரட்டினார். "அந்தம்மா பேரே இதுல இல்லியே. நம்ம பதிவுப்படி அந்தம்மா காணாமப் போகவே இல்லய்யா. காணாமப் போகாதவங்க செத்தா அதுக்குக் குழு எப்டிப் பொறுப்பாகும்?" பலராமன் சார் மட்டும் கொஞ்சம் சங்கடப்பட்டார். மனிதாபிமான அடிப்படையில் எல்லாவற்றுக்கும் முன்னால் இன்னொரு கேள்வியைச் சேர்க்கலாம் என்றார். காணாமல் போனவர் உயிருடன் இருக்கிறாரா? சேர்த்தேன். எனக்கு வேலையும் கிடைத்தது, மாதம் எண்ணூறு.

மறு வருடத் தீபத்துக்கு அதே கொட்டகை, அதே மாலை, கேடயம் மட்டும் புதிதாக மேசைமேல் இருந்தது. காலை பத்து மணி வாக்கில் வரிசையில் சடையன் நின்றார். யாரையும் முந்தவில்லை, அவர் முறை வரும்வரை நின்று வந்தார். முன்னங்கைப் பச்சை தெரிய அரைக்கைச் சட்டை போட்டிருந்தார். ரேஷன் கார்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"ஆதாரம் கீதும்மா" என்றார்.

சுப்பிரமணிக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. முதல் கேள்வியை அவரே கேட்டார். "காணாமப் போனவர் உயிரோட இருக்காரா?"

"இருக்காருங்க. நான்தாங்க அது."

"இன்னாய்யா ஒளர்ற? நீதான் இங்க நிக்கிறியே?"

"போன வருஷம் என்னைத் தேடிக்கினு இங்க ஒருத்தி வந்தா. அவ பேர நீங்க யாரும் கேக்கல. நான் இங்கதான் கீறேன்னு அவளுக்கு மைக்ல சொல்லணும். அவ்ளோதாங்க."

சுப்பிரமணி பலராமன் சாரைப் பார்த்தார். பலராமன் சார் என்னைப் பார்த்தார். எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். இதற்கு ‘ஒய்’யா ‘என்’னா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குள் எட்டாவது பாடம் எல்லாம் முடித்து இரண்டு பேட்ச்சுக்கு நானே நடத்தியும் ஆயிற்று, அப்போதும் தெரியவில்லை.

பேனாவை எடுத்தேன். ஒரு பழைய தாளின் பின்பக்கத்தில் எழுதித் தசரதனிடம் நீட்டினேன். "மணிமொழி!" என்று என்னை அதட்டினார் பலராமன் சார். தசரதன் தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மைக்கைத் தட்டினார். படிக்க அவருக்குத் தாள் தேவைப்படவில்லை.

"கீழ்பென்னாத்தூர் ஜோதியம்மா. கீழ்பென்னாத்தூர் ஜோதியம்மா. உங்க ஊட்டுக்காரர் சடையன் செங்கம் ரோடு கொட்டகையில இருக்காரு. உங்களுக்காகக் காத்துக்கினு இருக்காரு."

சடையன் தலையைச் சாய்த்து, ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டார். முடிந்ததும் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

தசரதன் இன்னொரு தடவை சொன்னார்.